அக்கரை எது? யோர்தான் நதியின் எல்லையும் புனிதமும்

ஓர் ஆற்றின் ஒரு கரை மறுகரையைவிடப் புனிதமானதாக இருக்க முடியுமா என்ற கேள்வி, யோர்தான் நதியைப் பொறுத்தவரை, இறையியல் நூல்களில் எழுந்து அங்கேயே அடங்கிவிட்ட கேள்வியன்று. எல்லைக் காவலும் சுற்றுலா வருவாயும் தண்ணீர்ப் பங்கீடும் அதனோடு பின்னிக் கிடக்கின்றன. யோர்தான் என்று விவிலியத் தமிழ் வழங்கும் இந்நதியின் பெயரையே கிழக்குக் கரையிலுள்ள நாடும் தாங்கி நிற்பதால், குழப்பம் நேராதிருக்க இங்கே நதி யோர்தான் என்றும் நாடு ஜோர்டான் என்றும் குறிக்கப்படும். ஹெர்மோன் மலையடிவாரத்து ஊற்றுகளில் பிறந்து, கலிலேயாக் கடல் என்று பெயர்பெற்ற நன்னீர் ஏரியில் புகுந்து வெளியேறி, கடல் மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கும் சாக்கடலில் முடியும் இந்த நதியின் நீளம் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். ஏரிக்கும் சாக்கடலுக்கும் நேர்க்கோட்டில் சற்றேறக்குறைய நூறு கிலோமீட்டரே இருக்கும் தொலைவை அது வளைந்து வளைந்து இருமடங்காக்கிக்கொண்டு கடக்கிறது. இந்தக் கீழ்ப்பகுதிதான் இன்று எல்லை. இயேசு திருமுழுக்குப் பெற்றதாக நம்பப்படும் துறையும் இங்கேதான் இருக்கிறது.

அந்தத் துறை எந்தக் கரையில் இருந்தது என்பதில் தொடங்குகிறது சிக்கல். யோவான் நற்செய்தி அது யோர்தானுக்கு அக்கரையில் இருந்ததாகச் சொல்கிறது. அக்கரை என்பது ஓர் இடத்தின் பெயரன்று. பேசுபவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டும் சொல். எருசலேமில் நின்று பேசுபவருக்குக் கிழக்குக் கரை அக்கரை; கிழக்கே நிற்பவருக்கு மேற்குக் கரை அக்கரை. நற்செய்தியாளர் எருசலேம் பக்கமிருந்து பார்த்தே எழுதினார் என்று கொண்டால் துறை கிழக்கே அமைகிறது, பெரும்பாலான அறிஞர்கள் அவ்வாறே கொள்கின்றனர். ஆயினும் ஊர்ப்பெயரிலேயே இன்னொரு முடிச்சு விழுந்திருக்கிறது. கிரேக்கப் பிரதிகளில் மிகப் பலவற்றில் அது பெத்தானியா. ஆனால் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓரிகன் என்னும் திருச்சபை அறிஞர், யோர்தானையொட்டி அப்பெயரில் ஊர் ஏதும் இல்லை என்று கருதி, பெத்தாபரா என்ற பாடத்தை ஏற்றார். கடக்கும் இடம் என்னும் பொருள்தரும் எபிரேய வேரிலிருந்து வந்த பெயர் அது. இந்தப் பாடபேதம் தமிழ் வாசகர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது பலரும் கவனியாத செய்தி: சீர்திருத்தத் திருச்சபையினர் ஓதும் பழைய மொழிபெயர்ப்பில் பெத்தாபரா, கத்தோலிக்கர் ஓதும் புதிய மொழிபெயர்ப்பில் பெத்தானியா. ஒரு வீட்டில் ஞானஸ்நானம் என்றும் அடுத்த வீட்டில் திருமுழுக்கு என்றும் வழங்கப்படும் ஒரே சடங்கின் தோற்றுவாய், பெயரளவில், இரண்டு ஊர்களில் நடந்திருக்கிறது.

ஜோர்டானின் மாதபா நகரில், புனித ஜார்ஜ் தேவாலயத்தின் தரையில் பதிக்கப்பட்டிருக்கும் ஆறாம் நூற்றாண்டு நிறக்கல் வரைபடம் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயலாமல் அப்படியே காட்டுகிறது. திருமுழுக்கு யோவானின் பெத்தாபரா என்று மேற்குக் கரையில் ஓர் எழுத்துப் பொறிப்பு. அதற்கு எதிரே கிழக்குக் கரையில், பழைய அயினோன், இப்போது சப்சபாஸ் என்று இன்னொன்று. இரண்டுக்கும் இடையே ஓடும் நதியில் கயிறு கட்டி இழுக்கும் தோணித்துறைகளை அந்தக் கைவினைஞர் வரைந்திருக்கிறார். நீரில் மீன்கள் நீந்துகின்றன. சாக்கடலை நெருங்கிய மீன் ஒன்று, உப்பைச் சுவைத்துவிட்டதைப் போல, தலையைத் திருப்பிக்கொண்டு மேல்நோக்கி நீந்துகிறது. நதியின் குணத்தை இவ்வளவு சிறிய இடத்தில் இதைவிடத் துல்லியமாகச் சொன்ன ஓவியம் அரிது. அந்த வரைபடத்தின் காலத்தில் இரு கரைகளும் ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்தன. யாத்திரிகர் காலையில் ஒரு கரையிலும் மாலையில் மறுகரையிலும் வழிபட்டுத் திரும்புவதில் இடர் ஏதும் இருந்திருக்க முடியாது.

இதனால் நதியை எல்லையாகக் காண்பது தற்கால அரசுகளின் கண்டுபிடிப்பு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. எபிரேய மறைநூலிலேயே இந்த நதி எல்லையாக நிற்கிறது, அந்த நிலை குறித்த அச்சமும் அங்கேயே பதிவாகியிருக்கிறது. யோசுவா நூலின் 22ஆம் அதிகாரத்தில், ரூபன், காத் ஆகிய குலங்களும் மனாசேயின் பாதிக் குலமும் கிழக்குக் கரையில் குடியேறியபின் ஆற்றையொட்டிப் பெரிய பலிபீடம் ஒன்றை எழுப்புகின்றன. மேற்குக் கரையினர் அதை மதத்துரோகம் என்று கருதிப் போருக்குத் திரள்கின்றனர். விளக்கம் கேட்கப்பட்டபோது கிழக்குக் கரையினர் தரும் விடையே இந்த முழுச் சிக்கலின் கரு: எதிர்காலத்தில் உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளிடம், ஆண்டவரே யோர்தானை நமக்கிடையே எல்லையாக வைத்துவிட்டார், அவரில் உங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிடக்கூடும் என்று அஞ்சினோம், ஆகவே பலியிடுவதற்காக அல்லாமல் சாட்சியாக இருக்கவே இதைக் கட்டினோம் என்கின்றனர். நிலத்தைப் பிரிக்கும் கோடு, நாளடைவில் கடவுளையும் பிரித்துவிடும் என்பதே அவர்களின் அச்சம். அந்தக் குலங்கள் போரைத் தவிர்த்தன. ஆனால் நீதித்தலைவர்கள் நூலில், அதே நதியின் துறைகளில், கிலேயாத்தியர் தப்பியோடிய எப்பிராயிமியரை நிறுத்தி ‘ஷிபோலெத்’ என்று சொல்லச் செய்து, ஷகரம் வராமல் சகரமாக உச்சரித்தவர்களை வெட்டிச் சாய்த்தனர். அந்தச் சொல்லுக்குத் தானியக் கதிர் என்றும் பாயும் நீரோட்டம் என்றும் இரு பொருள் உண்டு. நீரோட்டத்தின் பெயரைத் தவறாகச் சொன்னதற்காக நீரோட்டத்தின் கரையிலேயே உயிர்போனது என்ற முரணை அந்நூலாசிரியர் கருதினாரா என்று சொல்ல முடியாது. கடவுச்சீட்டு இல்லாத காலத்தின் கடவுச்சீட்டு அது.

இவற்றுக்கு எதிர்த்திசையில் நிற்பது நாமானின் கதை. சிரியாவின் படைத்தலைவனும் தொழுநோயாளியுமான நாமானிடம், யோர்தானில் ஏழுமுறை மூழ்கி எழும்படி எலிசா இறைவாக்கினர் சொல்லியனுப்ப, தமஸ்குவின் ஆறுகளான அபானாவும் பர்பாரும் இதைவிடச் சிறந்தவை அல்லவா என்று அவன் சினந்து திரும்புகிறான். நீரைப் பொறுத்தவரை அவன் சொன்னதில் பிழையில்லை. யோர்தான் அகன்றதோ தெளிந்ததோ அன்று. பணியாளர் தேற்ற, இறங்கி மூழ்கிக் குணமடைகிறான். ஆனால் கதை அங்கே முடிவதில்லை: இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்குமளவு இந்த மண்ணைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கேட்கிறான். எல்லை கடந்து குணம் பெற்றவன், கடவுளை எல்லைக்குட்பட்ட மண்ணோடு சேர்த்தே எண்ணுகிறான் என்பதில் மனித இயல்பைப் பற்றிய கூர்மையான பார்வை இருக்கிறது. இன்று புட்டிகளில் அடைத்து விற்கப்படும் யோர்தான் நீரை வாங்கிச் செல்பவர் அனைவரும் ஒருவகையில் நாமானின் வழிவந்தோரே.

யூதச் சட்ட மரபு இந்த நதியை அணுகிய விதம், பக்தியுணர்வோடு வருபவர்களுக்குச் சற்று அதிர்ச்சி தரக்கூடியது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில், சாவுத்தீட்டைக் கழிப்பதற்காகச் செந்நிறக் கடாரியின் சாம்பலைக் கலக்க எந்த நீர் ஏற்றது என்ற ஆய்வு வருகிறது. ஊற்றிலிருந்து வரும் ‘உயிருள்ள நீர்’ மட்டுமே அதற்கு உகந்தது. யோர்தான், யார்முக் ஆகிய இரு நதிகளின் நீரும், பல நீர்கள் கலந்தவை என்ற காரணத்தால், தகாதவை என்று அது விலக்கிவிடுகிறது. மிகக் கடுமையான தூய்மைச் சடங்குக்கு உதவாத நீர் என்று ஒரு மரபு தள்ளிய அதே நீரில் இன்னொரு மரபு தன் முதற்சடங்கின் மூலத்தைக் காண்கிறது. கலப்பு என்பது குறையா, நதியின் இயல்பே அதுதானா என்று கேட்டால், கிளைநதியின்றி எந்த நதியும் நதியாவதில்லை என்பதைத் தவிர வேறு விடை இருக்க முடியாது.

அதே மிஷ்னாவில் கால்நடைத் தசமபாகம் பற்றிய இன்னொரு விவாதம் இருக்கிறது. ஒருவருடைய மந்தைகள், ஒரே மேய்ப்பனின் காவல் எட்டும் தொலைவுக்குள் மேய்ந்தால், பத்தில் ஒன்று கணக்கிடுவதற்காக ஒரே மந்தையாகக் கொள்ளப்படும். ஆனால் யோர்தான் குறுக்கிட்டால் அவை இரண்டாகப் பிரிந்துவிடும் என்கிறார் ரபி மேயிர். பின்வந்த தால்முத் உரையாடலில் ரபி அம்மி ஒரு விலக்கைச் சேர்க்கிறார்: பாலம் இல்லாத இடத்துக்கே இது பொருந்தும், பாலம் இருந்தால் பாலம் அவற்றை ஒன்றாக்கிவிடும். இந்தக் கருத்து எதிர்ப்புக்கு உள்ளாகிறது. மறைநூலே யோர்தானை எல்லையாக்கியிருப்பதால் பாலம் அதை மாற்றாது என்ற விடை எதிர்த்தரப்பில் வைக்கப்படுகிறது. ஆடுகளைப் பற்றிய இந்தச் சிறு வழக்கில், எல்லை இயற்கையில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா, மனிதர் போகவர முடிவதிலும் முடியாமற்போவதிலும் இருக்கிறதா என்ற மூன்று தத்துவ நிலைப்பாடுகளும் அடங்கிவிடுகின்றன. எரிகோவுக்குக் கிழக்கே இன்று நிற்கும் பாலத்துக்கே மூன்று பெயர்கள் உண்டு: ஒருபுறம் அல்லன்பி, மறுபுறம் மன்னர் ஹுசைன், பாலஸ்தீனரிடையே கராமா. மேற்குக் கரைப் பாலஸ்தீனர் வெளிநாடு செல்ல அதுவே வழி. ரபி அம்மியின் விதிப்படி அது இணைக்கும் பாலமா என்பதை அங்கே வரிசையில் காத்திருப்பவரே சொல்ல வேண்டும்.

தற்கால எல்லையின் வரலாறு குறுகியது. உதுமானியர் ஆட்சியில் கிழக்கே இருந்த பல்கா வட்டாரம் மேற்கே இருந்த நாப்லஸின் நிர்வாகத்தோடு இணைந்திருந்தது. 1922இல் பிரித்தானியர் தம் ஆணைப்பகுதியில் யோர்தானுக்குக் கிழக்கே உள்ள நிலத்தைத் தனியே வகுத்தபோது நதி அரசியல் கோடானது. 1950 முதல் 1967 வரை இரு கரைகளும் ஜோர்டானின் ஆட்சியில் இருந்தன. 1967 போரில் இஸ்ரேல் மேற்குப் பகுதியைக் கைப்பற்றிய பிறகு நதி போர்முனையாயிற்று. ‘மேற்குக் கரை’ என்று உலகம் முழுவதும் வழங்கும் பெயரே, ஒரு நிலம் நதியை வைத்துத் தன்னை அடையாளப்படுத்திக்கொண்டதன் சுவடு. 1994 அக்டோபர் 26இல் கையெழுத்தான இஸ்ரேல் ஜோர்டான் அமைதி உடன்படிக்கை, 1967இல் கைப்பற்றப்பட்ட பகுதிகளின் நிலை இதனால் பாதிக்கப்படாது என்ற குறிப்போடு, எல்லையை நதியின் முதன்மை ஓட்டத்தின் நடுவில் வைத்தது. கரை மெல்ல அரிபட்டோ மண் படிந்தோ நதி நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். மனிதர் செயற்கையாகத் திருப்பினால் நகராது. வெள்ளத்தில் திடீரென வேறு வழியில் பாய்ந்தால் இருதரப்பின் கூட்டு ஆணையம் கூடிப் பேச வேண்டும். சட்டத்தின் உலர்ந்த மொழியில் எழுதப்பட்ட இந்த விதி, எல்லை நிலையானது என்ற பொதுநம்பிக்கையைத் தானே கைவிட்டுவிடுகிறது. கோடு நடுவில் இருக்கிறது, ஆனால் அந்தக் கோட்டில் இருக்கும் நீர் எந்த நொடியிலும் அங்கே தங்குவதில்லை.

திருமுழுக்குத் துறையில் இது கண்ணெதிரே தெரிகிறது. கிழக்குக் கரையில் அல்மக்தஸ், மேற்குக் கரையில் கஸ்ர் அல்யஹூத். இரண்டுக்கும் இடையே உள்ள நீர் பத்து மீட்டர் அளவே, அதுவும் செம்மண் கரைந்த பழுப்பு நிறத்தில். இருபுறமும் நீருக்குள் இறங்கும் படிகள், இருபுறமும் கொடிகள், ஆயுதம் ஏந்திய காவலர். ஒரு படியில் வெண்ணாடை அணிந்த குழு ஒன்று பாடிக்கொண்டே இறங்கினால், அந்தப் பாட்டு எதிர்ப்படியில் இறங்கும் குழுவின் காதில் தெளிவாக விழும். கைநீட்டினால் தொட்டுவிடலாம் என்ற நெருக்கத்தில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் சந்திக்க வேண்டுமானால் பாலத்துக்குச் சென்று இரு நாடுகளின் சோதனையையும் கடந்து வர வேண்டும். மேற்குப் பக்கத் துறை 1967க்குப் பின் கண்ணிவெடி நிலமாகி மூடப்பட்டு, 2011இல்தான் மக்களுக்கு முறையாகத் திறக்கப்பட்டது. சுற்றியுள்ள மடங்களின் வளாகங்களில் புதைந்திருந்த வெடிகளை அகற்றும் பணி 2018இல் தொடங்கியது. 2021 ஜனவரியில் பிரான்சிஸ்கன் துறவியர் தம் சிற்றாலயத்தில் 54 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் திருப்பலி நிறைவேற்றினர். கிழக்குப் பக்கத்தை யுனெஸ்கோ 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அகழ்வில் வெளிப்பட்ட தேவாலய அடித்தளங்களும் யாத்திரிகர் குறிப்புகளும் அதன் தொன்மைக்குத் துணைநிற்கின்றன. ஆனாலும் மூழ்கியவர் நின்ற இடம் நீர். நீருக்குக் கிழக்கு மேற்கு இல்லை.

தொடக்கத் திருச்சபை இதைத் தெளிவாகவே உணர்ந்திருந்தது. மிகப் பழைய திருச்சபை ஒழுங்கு நூல்களில் ஒன்றான திதாக்கே, ஓடும் நீரில் திருமுழுக்குத் தருவதே சிறப்பு என்றும், கிடைக்காவிடில் வேறு நீரிலும், அதுவும் போதாவிடில் தலையில் மும்முறை ஊற்றியும் தரலாம் என்றும் விதிக்கிறது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன், கி.பி. 200 அளவில், யோர்தானில் யோவானிடம் மூழ்கியவருக்கும் தைபர் நதியில் பேதுருவிடம் மூழ்கியவருக்கும் வேறுபாடில்லை என்று வாதிட்டார். எத்தியோப்பியாவின் லாலிபெலாவில், பாறையைக் குடைந்தெடுத்த தேவாலயங்களுக்கு நடுவே ஒரு கால்வாய் யோர்தானோஸ் என்ற பெயரோடு ஓடுகிறது. ஈராக்கிலும் ஈரானின் தென்மேற்கிலும் வாழ்ந்துவரும் மந்தேயர் என்ற சிறு சமயத்தார், வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்ப நீராடும் தம் சடங்குக்கு உரிய எந்த ஓடுநீரையும் ‘யர்த்னா’ என்றே அழைக்கின்றனர். அவர்களுக்குத் திக்ரிசும் யோர்தான்தான். தமிழில் தீர்த்தம் என்று வழங்கும் சொல்லின் வடமொழி மூலத்துக்கு ஆற்றைக் கடக்கும் துறை என்பதே முதற்பொருள். பெத்தாபராவும் கடக்கும் இடமே. புனிதம் கரையில் குடியிருப்பதைவிடக் கடப்பதில் நிகழ்கிறது என்பதை வெவ்வேறு மொழிகள் ஒன்றையொன்று அறியாமலே சொல்லிவைத்திருக்கின்றன.

சரியான இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அதை இறையியலாளர் போதிய அளவு பேசியதில்லை. எந்த நீரும் யோர்தான் ஆகலாம் என்றால், உண்மையான யோர்தான் இருந்தாலென்ன, வற்றினாலென்ன? ஒருகாலத்தில் ஆண்டுக்கு 130 கோடி கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 46 டி.எம்.சி. நீரைச் சாக்கடலுக்குக் கொண்டுசென்ற நதி, இன்று அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் கொண்டுசெல்வதில்லை. ஏரியின் நீரை 1964இல் நிறைவடைந்த இஸ்ரேலின் தேசிய நீர்க்குழாய்த் திட்டம் தெற்கே எடுத்துச் சென்றது. முதன்மைக் கிளைநதியான யார்முக்கின் நீரைச் சிரியாவின் அணைகளும் ஜோர்டானின் கிழக்கு கோர் கால்வாயும் பகிர்ந்துகொண்டன. இதில் ஒரு நாட்டை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, ஆனால் நேர்மையன்று. 1981இல், கஸ்ர் அல்யஹூத் ராணுவப் பகுதியாக இருந்ததால், ஏரியிலிருந்து நதி வெளியேறும் இடத்தையொட்டி யர்தெனித் என்ற மாற்றுத் துறை அமைக்கப்பட்டது. அங்கே நீர் பசுமையாகத் தெளிந்து நிற்கிறது. அதற்குச் சில கிலோமீட்டர் கீழே அலுமோத் தடுப்பணையோடு நன்னீர் நின்றுபோக, அதன்கீழே பல பத்தாண்டுகள் நதியாக ஓடியவை உவர் ஊற்றுநீரும் கழிவுநீருமே. மேலே மூழ்குவதற்கு நீர், கீழே நதி என்ற பெயர். நதியின் அடையாளம் உலகெங்கும் பெருகிய அதே நூற்றாண்டில் நதி சுருங்கியதைத் தற்செயல் என்று முழுதும் தள்ளிவிட முடியாது. சடங்குக்குச் சிறிதளவு நீரே போதும் என்று தேர்ந்த மரபு, நதிக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கேட்க மறந்தது.

இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து கேட்டது இஸ்லாமியச் சட்டம். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டுரிமையாளர் என்ற நபிமொழியின் அடியில் எழுந்த ‘ஹக்குஷ் ஷஃபா’ என்னும் உரிமை, சொல்லுக்குச் சொல் உதட்டின் உரிமை என்று பொருள்படும். தாகம்பட்ட மனிதரும் விலங்கும் குடிப்பதற்கான உரிமை, வயலுக்குப் பாய்ச்சும் உரிமைக்கு முன்னே நிற்பது. உதுமானியரின் மஜல்லா என்ற சட்டத் தொகுப்பு இதை விதிகளாகவே எழுதிவைத்தது. நபித்தோழர் அபூ உபைதா அடங்கியிருக்கும் ஜோர்டானின் தேர் அல்லாவில், கால்வாய் நீர் ஆயிரம் மீட்டருக்கும் மேலாக ஏற்றப்பட்டு அம்மான் நகரத்தாரின் குடிநீராகிறது. ஆண்டுக்குத் தலைக்கு நூறு கன மீட்டர் நீர்கூட இல்லாத நாட்டில், நதியிலிருந்து போன நீரில் ஒரு பகுதி உதட்டுக்கே போகிறது என்பதையும் எடைபோட வேண்டும். ஆயினும் அந்த உரிமைக்குக் கரைபேதம் இல்லை. எது புனிதக் கரை என்ற வழக்கைவிட, யாருடைய உதடு இந்த நீரைத் தொட முடிகிறது என்ற கேள்வியே இறையியலுக்குத் தகுந்த கேள்வி.

2022 நவம்பரில் ஷர்ம் அஷ்ஷெய்க் நகரில் நடந்த காலநிலை மாநாட்டில், யோர்தானைச் சீரமைக்கும் விருப்ப அறிக்கை ஒன்றில் இஸ்ரேலும் ஜோர்டானும் கையெழுத்திட்டன. மேற்குக் கரையில் வாழும் பாலஸ்தீனருக்கு அதில் கையெழுத்து இல்லை. தங்கள் நிலத்துக்கே பெயர் தந்த அந்த நதியின் நீரில் 1967 முதல் அவர்களுக்குப் பங்கும் இல்லை.